‘ஆய்த்து’ என்றார், கழற்றிவிட்டேன்

ஹெப்பகோடியில் மின்சார வேன்களைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் ஆம்பூர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வேனின் ஏசி பிரஷர் சுவிட்சை மாற்ற வேண்டியிருந்தது. ஏசி குழாயிலுள்ள கேஸை மெஷின் முழுவதும் உறிஞ்சிய பிறகே அதைக் கழற்ற வேண்டும்.

மின் இணைப்பைத் துண்டித்துச் சோதித்தேன். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்தேன். மெஷின் அருகே, உடன் வேலை செய்யும் கன்னடக்காரர் மஞ்சுநாத் நின்றார்.

“கேஸ் எடுத்தாச்சுன்னா சொல்லுங்கண்ணா!”

“ஆய்த்து மேடம்!”

ஆயிற்று என்றுதானே அர்த்தம்? ஸ்பேனரைத் திருப்பினேன். சீறிக்கொண்டு கேஸ் முகத்துக்கு நேராக வந்தது. கண்ணாடி வெளுத்தது, கையுறையில் பனி உறைந்தது. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். நல்லவேளை, மரை முழுதாகக் கழலவில்லை. கையை எடுக்காமல், தடவியே திருப்பி இறுக்கினேன். சீறல் நின்றது.

மஞ்சுநாத் ஓடிவந்தார். “அய்யோ, இன்னும் பாதி கேஸ் உள்ளயே இருக்கு மேடம்!”

“நீங்கதானே ஆய்த்துன்னீங்க?”

“சரி, சொல்றேன்னு சொன்னேன் மேடம்!”

கன்னடத்தில் ‘முடிந்தது’, ‘சரி’ இரண்டுக்குமே அந்தச் சொல்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போதெல்லாம் மஞ்சுநாத், “ஆய்த்து மேடம், முடிஞ்சுபோன ஆய்த்து!” என்று கத்துகிறார். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, மெஷினின் இரண்டு பிரஷர் மீட்டர் முள்ளும் பூஜ்யத்தில் நிற்பதை நானே பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறேன்.