செந்தூர்பாண்டி கேட்ட டிக்கெட்

பதினோரு வருஷம் செந்தூர்பாண்டியும் நானும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தோம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வழியாக உடன்குடி. நான் டிரைவர், அவன் கண்டக்டர். கண்டக்டர் எப்போதும் டிரைவரின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பான் என்பதால், அவன் முகத்தைவிடக் குரல்தான் எனக்குப் பழக்கம். நிறுத்தம் வருமுன் ஊர்ப் பெயரை அவன் கத்துகிற கத்தலில், தூங்குகிறவன் பதறி எழுந்து பையைத் தேடுவான். "கொஞ்ச நேரம் வாயை மூடுலே" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், டெப்போ வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கு வலது கை தொங்கிவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். கையும் காலும் மூன்று மாதத்தில் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. அதற்கு அஃபேசியா என்று பெயராம். நாம் சொல்வது அவனுக்குப் புரிகிறது. பதிலும் தெரிகிறது. அதற்கான சொல்தான் அகப்படுவதில்லை. டம்ளரைக் காட்டி 'சாவி' என்பான். தப்பு என்று அவனுக்கே தெரிந்து தலையில் அடித்துக்கொள்வான். தெருவில் போகிறவர்களோ செவிடனிடம் பேசுவதுபோல அவன் காதருகே கத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசைதான். மகள் ஜெயபிரியாவைக் குலசேகரன்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் தனியாகப் பஸ் ஏறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். இப்போது யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. மனைவி முருகேஸ்வரியும் லேசில் மசிகிறவள் இல்லை.

"எங்கயாவது மயங்கி விழுந்தா பேரு சொல்லத் தெரியுமா உங்களுக்கு? எந்த ஊருன்னு வாயைத் தொறந்து டிக்கெட் கேளுங்க. அன்னைக்குத் தாராளமாப் போங்க" என்று சொல்லிவிட்டாள்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளுக்கு ஜெயபிரியா அப்பாவின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். அதில் ஒரு படம் வரும். செய்தி வாசிக்கிற குரலில் ஒரு பெண் "இது என்ன?" என்று கேட்பாள். சரியாகச் சொன்னால் பச்சை நிறத்தில் டிக் விழும். இல்லையென்றால் "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்பாள். ஒருநாள் குடைப் படத்துக்கு ஒன்பது தடவை அப்படிச் சொன்னாள். செந்தூர்பாண்டி அவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான், ஒரு எழுத்துப் பிசகாமல். அடுக்களையிலிருந்து முருகேஸ்வரி சந்தோஷமாக ஓடி வந்தாள். கெட்ட வார்த்தைக்கு அந்த வீட்டில் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்தது அன்றைக்குத்தான்.

ஆப்பில் நம் படத்தையும் போடலாம் என்று கண்டுபிடித்து, ஜெயபிரியா தன் ஊர்ப் பஸ் நிறுத்தத்தைப் படமெடுத்துச் சேர்த்தாள். அவன் அதை உற்றுப் பார்ப்பான். உதடு துடிக்கும். சொல் வராது. பக்கத்தில் இருந்த நான் பொறுக்கமாட்டாமல், பழைய பழக்கத்தில் எங்கள் ரூட்டின் முதல் நிறுத்தத்தை, "முத்தையாபுரம்" என்று எடுத்துக் கொடுத்தேன். உடனே அவன் பிடித்துக்கொண்டான். முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி என்று தடதடவென ஓடி, திருச்செந்தூர் தாண்டி, குலசேகரன்பட்டினத்தில் வந்து நின்றான். டிக் விழுந்தது. இரண்டு நாளில் எடுத்துக் கொடுக்காமலேயே வரிசை வந்தது.

"பாத்தியா தங்கச்சி! இனி இவனை விடு, நான் பொறுப்பு" என்று முருகேஸ்வரியிடம் மார்தட்டினேன்.

வெள்ளிக்கிழமை நானே பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மத்தியானம் ஆகியும் ஆள் வரவில்லை என்று ஜெயபிரியா போன் செய்தாள். அவன் போனை எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். முத்தையாபுரம் நிறுத்தத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் டிக்கெட்டை நீட்டினான். முத்தையாபுரத்துக்கு ஒன்று.

அந்தக் கண்டக்டரைக் குறை சொல்லமாட்டேன். வாயிலிருந்து முதலில் விழுகிற ஊருக்கு டிக்கெட் அடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போவதுதான் அந்த வேலை. செந்தூர்பாண்டியும் முப்பது வருஷம் அதைத்தான் செய்தான். இது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பாருங்கள்.

"உங்க வாய்ச்சவடாலுக்கு என் புருஷன்தான் கெடச்சாரா, அண்ணாச்சி?" என்றாள் முருகேஸ்வரி.

பத்து நாள் அவன் ஆப்பைத் தொடவில்லை. விஷயத்தைக் கேட்ட பயிற்சி அம்மா சிரித்துவிட்டார். "வரிசையை விட்டுராதீங்க. சத்தம் இல்லாம மனசுக்குள்ள ஓட்டுங்க. வேண்டிய ஊர் வந்ததும் வாயைத் திறங்க" என்றார். அவன் மறுபடி போனை எடுத்தான். காலையும் மாலையும் அதே படம். முதலில் முக்காணியிலேயே வாய் திறந்துகொள்ளும். பிறகு ஆத்தூர். மாசியில் தொடங்கியது, ஆனி வரை ஆனது.

ஆனி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் முருகேஸ்வரி சம்மதித்தாள், தானும் நானும் கூட வருவோம் என்ற நிபந்தனையோடு. அவன் முன் சீட்டில் உட்கார்ந்தான். நாங்கள் அதற்குப் பின் சீட்டில். கண்டக்டர் வந்து அவனிடம் "எங்க?" என்றார்.

அவன் வாயை இறுக்கிக்கொண்டான். தாடை அசைந்தது. எனக்குள்ளும் வரிசை ஓடியது. "அண்ணாச்சி, எங்க போணும்? சீக்கிரம் சொல்லுங்க" என்றார் கண்டக்டர். நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். முருகேஸ்வரி என் கையில் ஒரு அடி போட்டாள்.

"குலசேகரன்பட்டினம்" என்றான் செந்தூர்பாண்டி. ஒரு மூச்சு விட்டு, விரலையும் நீட்டி, "ஒண்ணு" என்றான்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். முருகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி, அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவோம். அவரு ஒண்ணுதானே கேட்டாரு."