அக்காவின் தண்ணீர்க் குமிழ்

மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்குக் கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு அக்கா. மாடிப்படியில் உருண்டு கழுத்தெலும்பு முறிந்ததில் அவளுக்கு மிஞ்சியவை வலது கையில் இரண்டு விரலும் வாயும்தான். வாய் மட்டும் துளியும் குறையவில்லை.

"ஒரு வாய் தண்ணிக்கு ஊரையே கூப்பிட வேண்டியிருக்குடா. அதுக்கு நாக்கு வறண்டே கெடக்கலாம்."

சொன்னபடி கிடக்கவும் செய்தாள். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக் கேட்டால் வேண்டாம் என்பாள். மெக்கானிக் கடையிலிருந்து திரும்பும்போது அவள் உதடு வெடித்திருக்கும். இப்படியும் ஒரு வீம்பு!

மெக்கானிக் சின்னதாக ஒரு சர்வோ மோட்டார் வாங்கினார். அதோடு இணைத்த குமிழை எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு தூரம் அதன் கை திரும்பி, அங்கேயே நிற்கும். தலைமாட்டில் பாட்டிலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, அவள் வாய்வரை மெல்லிய குழாய் இழுத்தார். மோட்டாரின் கை குழாயை நசுக்கிப் பிடித்திருக்கும். விரலருகே குமிழ். திருகினால் கை விலகித் தண்ணீர் வரும். திருப்பி வைத்தால் நின்றுவிடும்.

முதல் மடக்கை விழுங்கிவிட்டு அக்கா அழுதாள். "யாரையும் கேக்காம குடிச்சேன்டா!" அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தாகத்தில் அக்கா குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தாள். சொட்டு வரவில்லை. சலித்துப்போய்க் குமிழை அப்படியே விட்டுவிட்டு, குழாய் வாயிலிருக்கத் தூங்கிப்போனாள். கரண்ட் வந்ததும், குமிழ் எங்கே நின்றதோ அங்கே மோட்டார் ஒரே பாய்ச்சலாகத் திரும்பியது. அதன் சுபாவமே அதுதான். குமிழைத் திருப்பி வைக்காமல் மெக்கானிக் எவரும் சுவிட்சைப் போடமாட்டார். இவருக்கும் அது கையில் ஊறிய பழக்கம். அவ்வளவு ஊறிப்போனதால்தான் அதை அவளிடம் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

இருமல் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தபோது பாட்டில் காலியாக இருந்தது. தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் ஏறிக்கொண்டே போக, டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"நான்தான்டா திருகிட்டு மறந்துட்டேன்," என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "நீ பாத்துப் பாத்துப் பண்ணினத நானே கெடுத்துட்டேன். எம்மேல கோவமாடா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். தைரியம் வரவில்லை.

"போனாப் போவுது, விடுக்கா. கோவமெல்லாம் இல்ல."

அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு அக்கா செத்துப்போனாள்.