சமையலறைக்குப் பின்னால் ஒரு வரவேற்பறை

எங்கள் வீட்டு ஹாலில் நான்கு பேர் உட்காரலாம். ஐந்தாவதாக ஒருவர் வந்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் என் மனைவிதான். தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. சுற்றிலும் கண்ணாடி பதித்த அலுவலகங்கள் எழும்பிவிட்டன, நடுவில் நாங்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு காபி குடிக்கிறோம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஹாலைப்போல இரண்டு மடங்கு இடம் சும்மா கிடந்தது.

சும்மா என்று சொன்னால் என் மனைவி சண்டைக்கு வருவாள். துவைக்கிற கல், விரிசல் விட்ட வாஷ்பேசின், ஓடாத கிரைண்டர், கால் ஒடிந்த கட்டில் எல்லாம் அங்கேதான் இருந்தன. எதையும் தூக்கிப்போட மனம் வராத குடும்பம் எங்களுடையது. ஒரு பக்கம் நான்கு மாடி லேடீஸ் பி.ஜி. விடுதி. அதன் ஜன்னல்களிலிருந்து ஷாம்பு பாக்கெட்டும் ஹேர் கிளிப்பும் எங்கள் இடத்தில் விழும். இன்னொரு பக்கத்து வீட்டின் பட்டர் ஃப்ரூட் மரம் சுவரைத் தாண்டிச் சாய்ந்து நிழல் கொடுத்தது, அவ்வப்போது பழமும் கொடுத்தது. பழத்தைப் பற்றி அந்த வீட்டுக்காரர் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

எனக்கு லிஃப்ட் பராமரிப்பில் மேற்பார்வை வேலை. என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் கூண்டு ஏறி இறங்கியவர். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் லிஃப்ட் ஏறி இறங்குகிறேன். குடும்பத்தை விட்டு அந்தக் கயிறு போகவில்லை. பல கட்டடங்களில் லிஃப்ட் மெஷின் அறை மொட்டை மாடியில் இருக்கும். அங்கே போகும்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் போட்டிருக்கும் மாடித் தோட்டங்களைப் பார்ப்பேன். மரப்பலகைத் தரை, தொங்கும் விளக்கு, பெரிய தொட்டிகளில் செடி, அழகான பெஞ்சு. பெஞ்சில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆளில்லாத இடத்துக்கே இவ்வளவு செய்கிறார்களே, உட்கார ஆள் இருந்தும் இடமில்லாத என் வீட்டில் ஏன் செய்யக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது.

பழைய சாமான்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். நான் ஒரு பக்கம் ஏற்ற, என் மனைவி மறுபக்கம் இறக்கிக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லை மட்டும் விடவே மாட்டேன் என்றாள். அது மூலையில் தங்கியது. அடுத்து நீலசந்திராவிலிருந்து கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். மழைத் தண்ணீர் முழுவதும் சமையலறைச் சுவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மண்ணை வெட்டி, சாக்கடைப் பக்கம் சரிவு கொடுத்து, வழுக்காத சொரசொரப்பான சாதரஹள்ளிக் கல் பதித்தோம். பி.ஜி. பக்கம் உயரமாக மூங்கில் தட்டி கட்டி, பேஷன் ஃப்ரூட் கொடியை ஏற்றினேன். "அந்தப் பொண்ணுங்க நம்மள பாக்கக் கூடாதுன்னா கட்றீங்க?" என்று என் மனைவி கேட்டாள். "ஆமாம்" என்றேன். "நான் அதுங்கள பாக்கக் கூடாதுன்னு கட்டிருக்கேன்னு சொல்லிக்கோங்க, மரியாதையா இருக்கும்" என்றாள்.

விளக்கில்தான் தடுமாறினேன். முதலில் வெள்ளை எல்.இ.டி. போட்டேன். எல்லோரும் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி தெரிந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்புகளை ஒயரில் கோத்துத் தொங்கவிட்டதும் முகங்கள் மனித முகங்களாயின. சிமென்ட் திண்டு ஒன்று கட்டினோம், அது தாழ்வாகப் போய்விட்டது. வயதானவர்கள் உட்கார்ந்தால் எழுப்ப ஒரு கை வேண்டும். அதனால் முதுகு சாயும் நாற்காலிகள் வாங்கினேன். கேட்டிலிருந்து வீட்டின் பக்கவாட்டில் ஸ்கூட்டர் போகும் அளவுக்கு ஒரு சந்து உண்டு. அதிலும் கல் பதித்து, இரண்டு பக்கமும் தொட்டிச்செடி வைத்தேன். வருகிறவர்கள் ஹாலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழையாமல் சந்து வழியாக நேரே பின்னால் வந்துவிடலாம். என் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சந்துதான். வருகிறவர்களிடமெல்லாம் இதை விளக்கினேன்.

முதல் விருந்துக்கு என் தங்கை குடும்பத்தோடு தங்கவயலிலிருந்து வந்தாள். சந்தின் வாயில் நின்று "இப்படி, இப்படி" என்று கை காட்டினேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் முன்வாசலில் நுழைந்து, ஹாலைத் தாண்டி, சமையலறைக்குள் போய், குண்டானின் மூடியைத் திறந்து பார்த்து, ஆளுக்கொரு கறித்துண்டை வாயில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினார்கள். "அண்ணா, ஊட்டி மாதிரி பண்ணி வெச்சிருக்கியே" என்றாள் தங்கை. சந்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லாதது எனக்குக் குறையாகவே இருந்தது. மற்றபடி அந்த மாலை நன்றாகப் போனது. இருட்டிய பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து என் மகள், கூட வேலை செய்யும் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நல்ல பையன். எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துபோனவன். அவன் அப்பா அம்மா காவிரிக் கரையோரம் ஒரு சிறு ஊர்க்காரர்கள், இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் அவனோடு அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அந்த அம்மா முதலில் போனில் பேசினார். "நீங்க தங்கவயல்னு தம்பி சொன்னான். தங்கவயல்ல எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார். எந்தத் தெரு என்று தெரிந்து அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. "சுரங்கத்துல வேலை செஞ்ச குடும்பம்ங்க" என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ"வில் எங்கள் சாதி அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறோம் என்றார். மகன் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும்.

மூவரும் மாலையில் வந்தார்கள். நான் வழக்கம்போலச் சந்தின் வாயில் நின்று கை காட்டினேன். இவர்கள் என் கையை மதித்தார்கள். செடிகளைப் பாராட்டிக்கொண்டே நேராகப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மொதல்ல உள்ள வாங்க. வீட்டைப் பாத்துட்டு அப்பறமா காத்தாட உக்காரலாம்" என்று என் மனைவி பின்வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்ங்க. இங்கயே எவ்வளவு நல்லா இருக்கு!" என்றார் பையனின் அம்மா.

கேசரியும் பஜ்ஜியும் வந்தபோது இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்றார்கள். காபிக்கு, சாயங்காலம் குடித்தால் தூக்கம் வராது என்றார்கள். பையன் மட்டும் இரண்டு பேர் பங்கையும் சேர்த்துத் தின்றான், தானாகவே சமையலறைக்குள் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தான். அவன் அப்பா கல்லைப் பற்றிக் கேட்டார். நான் சரிவு எப்படிக் கொடுத்தோம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று குனிந்து தரையைத் தொட்டுக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி இன்னும் இரண்டு முறை உள்ளே கூப்பிட்டாள். "காத்து பிச்சுக்கிட்டு வருதுங்க, எழுந்திரிக்கவே மனசில்ல" என்று அந்த அம்மா சிரித்தார். கடைசியில் இளநீரும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டார்கள். இளநீரில் ஸ்ட்ரா இருந்தது, வாழைப்பழத்தில் தோல் இருந்தது. கிளம்பும்போதும் சந்து வழியாகவே போனார்கள்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். என் மனைவி தொடாத தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, உங்க தோட்டம் ரொம்ப நல்லா வேலை செஞ்சுது" என்றாள்.

"ஏன், பாராட்டிட்டுத்தானே போனாங்க?"

"பாராட்டாம? வீட்டுக்குள்ள வராம போறதுக்கு என்னடா சாக்கு சொல்றதுன்னு ரோசனையோட வந்திருப்பாங்க. நீங்க கல்லு போட்டு, லைட்டு போட்டு, பூச்செடியும் வெச்சு வழி பண்ணிக் குடுத்தீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் வந்த கோபத்தை விட, குனிந்து தரையைத் தொட்டுக் காட்டினேனே, அந்த நினைப்புதான் அதிகமாக எரிந்தது. உடனே போனை எடுத்தேன், நேராகவே கேட்டுவிடலாம் என்று. என் மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "கேட்டா, ஐயையோ, அப்படியெல்லாம் நெனைக்கவே இல்லைங்கன்னு சொல்லுவாங்க. காத்து நல்லா இருந்துச்சு, உக்காந்துட்டோம்னுவாங்க. நாமதான் தப்பா நெனைச்சவங்களா ஆவோம்."

மகள் பின்வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. "எங்க வீட்டுக்குள்ள கால் வெக்காதவங்க வீட்டுக்குள்ள நான் கால் வெக்கமாட்டேன்பா" என்றாள். அதே வாக்கியத்தை எங்கள் எதிரிலேயே பையனுக்கும் போனில் சொன்னாள். அவன் ஏதேதோ சொல்லிக் கெஞ்சினான். அம்மாவை மெதுவாக மாற்றலாம், கொஞ்சம் டைம் கொடு என்றான் போலிருக்கிறது. "டைமெல்லாம் வேணாம். இன்னொரு வாட்டி கூட்டிட்டு வா. அவ்ளோதான். அப்பவும் இப்படின்னா என்னை மறந்துடு" என்று சொல்லி வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பையனைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் இருந்தவள். அவனை அவள் உண்மையாகவே விட்டுவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிடிவாதத்தில் அவள் அம்மாவைக் கொண்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை வருவதாகச் செய்தி வந்தது. அன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் மகள் வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், ஜன்னல் திரைகள் எல்லாவற்றையும் உருவி வாளியில் போட்டாள். அலமாரியைத் திறந்து என் கைலிகளையும் அவள் அம்மாவின் புடவை, உள்பாவாடைகளையும் எடுத்தாள். அவற்றில் பாதி ஏற்கெனவே துவைத்து மடித்து வைத்தவை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூங்கில் தட்டியின் கம்பத்திலிருந்து பட்டர் ஃப்ரூட் கிளைக்கு, அங்கிருந்து சமையலறை ஜன்னல் கம்பிக்கு என்று குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினாள். பிழியாமல் கொண்டுவந்து போட்டாள். நாற்காலிகளின் மேல் தலையணை உறைகள், சிமென்ட் திண்டின் மேல் ஜமுக்காளம், மஞ்சள் பல்புகளுக்கு நடுவே உள்பாவாடை. எவ்வளவு பாடுபட்டுச் செய்த இடம்! பார்க்கப் பொறுக்கவில்லை. கடைசியாகக் கனமான கம்பளி ஒன்றைச் சந்தின் குறுக்கே தொங்கவிட்டாள். அது செடிகளின் மேலும் கல்லின் மேலும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"சந்தையாவது விட்டு வையேன்மா" என்றேன்.

"அதுதாம்பா முக்கியம்" என்றாள்.

என் மனைவி கம்பளியின் கனத்தில் தொய்ந்த கயிற்றின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள்.

அவர்கள் வந்தார்கள். நான் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கை எதையும் காட்டவில்லை. அந்த அம்மா பழகிய காலோடு சந்தின் பக்கம் திரும்பி, கம்பளிக்கு முன்னால் நின்றுவிட்டார். அதன் ஓரத்தில் பின்பக்கம் முழுவதும் துணியாகத் தெரிந்தது. சொட்டுகிற தண்ணீர் அவர் புடவைக் கரையில் தெறித்தது. இரண்டடி பின்வாங்கினார்.

"சாயங்கால வேளையில துவைச்சிருக்கீங்க?" என்றார் பையனின் அப்பா. அவர் கேலியாகக் கேட்கவில்லை.

என் மகள் முன்வாசலைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். நல்ல புடவை கட்டி, தலை பின்னியிருந்தாள். கை விரல்கள் மட்டும் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன.

"பின்னாடி துணி காயுதுங்க அத்தே. உள்ள வாங்க" என்றாள். அதுவரை அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

யாரும் நகரவில்லை. பையன் ஷூவைக் கழற்றிவிட்டு வாசற்படியின் ஓரமாக நின்றான். உள்ளே போகவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா கம்பளியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். கேட் திறந்தேதான் இருந்தது. வாசலுக்குள் நின்ற என் மனைவி இந்த முறை வாங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எதையாவது பேசி நிலைமையைச் சுமுகமாக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அந்த அம்மா செருப்பைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே வந்து, திரை இல்லாத ஜன்னலுக்குக் கீழே சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அவர் கணவரும் மகனும் வந்து உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்ததும் ஹால் நிறைந்துவிட்டது. முட்டியோடு முட்டி இடித்தது.

என் மனைவி காபி கொண்டுவந்தாள். அந்த அம்மா டம்ளரைக் கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தார். ஆவி அடங்கும்வரை வைத்திருந்தார். பையன் தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அந்த அம்மா உதடு படாமல் அண்ணாந்து குடிக்க டம்ளரை மேலே தூக்கினார், பிறகு என்ன நினைத்தாரோ, உதட்டில் வைத்தே குடித்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தினார். மறுபடி குடித்தார்.

என் மகள் கதவோரம் நின்று அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது காலியான பிறகுதான் தரையில் அவர் காலருகே உட்கார்ந்தாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.