வடக்குச் சுவரில் வெயில்

ஜூன் மாதத்து மத்தியானத்தில் எங்கள் மரக்காணத்தில் கண்ணை முழுசாகத் திறக்க முடியாது. மேலே வெயில்... கீழே பாத்தி பாத்தியாக உப்பு. இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் அடிக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரே ஒருத்தருக்குத்தான் அந்த வெளிச்சம் கூசவில்லை. என் அண்ணன்.

அருள் அண்ணன் சவுதியில் வெல்டராக இருந்தார். ஒர்க்‌ஷாப்பில் சிலிண்டர் வெடித்து இரண்டு கண்ணும் போய்விட்டது. ஊருக்கு வந்தபோது முகத்துக் காயமெல்லாம் ஆறியிருந்தது. ஆனால் வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை. நடு ரூமில் ஒரு கட்டில், தலைமாட்டில் ரேடியோ. பாத்ரூமுக்குக்கூட அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார். யாராவது பார்க்க வந்தால் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நான் அப்போதுதான் சயின்ஸ் டீச்சராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஸ்கூலில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன பேசுவதென்று தெரியாது...

ஜூன் இருபத்துநாலு, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பர் திருநாள். அன்றைக்குப் பிறந்ததால்தான் அண்ணனுக்கு அந்தப் பெயர். அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலைப் பூசையில் ஃபாதர் சொன்னார்:

"பகல் ரொம்ப நீளமா இருக்கிற சமயத்துல இந்தப் புனிதர் பிறந்தாரு. இனிமே பகல் கொஞ்சம் கொஞ்சமா குறையும். குறைஞ்சு குறைஞ்சு, திரும்ப வளர ஆரம்பிக்கிறப்ப கிறிஸ்துமஸ் வரும். வெளிநாட்டுல இன்னிக்கு மலை மேலல்லாம் நெருப்பு மூட்டுவாங்க. நாமளும் சாயங்காலம் கோயில் வாசல்ல மூட்டுவோம், எல்லாரும் வந்துருங்க."

வீட்டுக்கு வந்து அம்மா இதை அப்படியே அண்ணனிடம் ஒப்பித்தாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. "பொறந்த நாளும் அதுவுமா இப்படிக் கெடக்குறியேப்பா..."

"பகல் வளந்தா என்னா, குறைஞ்சா என்னாம்மா? எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார் அண்ணன். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். அங்கே காலையிலேயே ஒரு குச்சியை நேராக நட்டு வைத்திருந்தேன். மறுநாள் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன்னால் நானே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. பன்னிரண்டு தாண்டியதும் நிழல் சுருங்கிச் சுருங்கி விரல் நீளத்துக்கு வந்தது. எந்தப் பக்கம் விழும் என்று புத்தகத்தில் படித்துத்தான் இருந்தேன். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"அண்ணா! நிழல் தெக்கால விழுதுண்ணா!"

உள்ளேயிருந்து ரேடியோ சத்தம் குறைந்தது.

"தெக்காலயா? போடி... மத்தியான நிழல் வடக்காலதான் விழும். எத்தினி வருஷம் பாத்துருக்கேன்."

"அது மத்த மாசத்துல. ஏப்ரல் கடைசிலயே சூரியன் நம்ம தலைக்கு நேரா வந்துட்டு, அப்புறம் வடக்க தள்ளிப் போயிடுது. இப்ப அந்தக் கோடியில நிக்குது. இனிமேதான் திரும்பணும்."

"சும்மா கதை விடாத."

வந்து பாருங்க என்று வாய்வரை வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டேன். எங்கள் வீடு தெற்குப் பார்த்த வீடு. பின்சுவர் வடக்கே. கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தச் சுவரில் வெயிலே படாது, பாசி பிடித்துக் கிடக்கும். இப்போதோ காலையிலிருந்து வெயில் முழுக்க அதன்மேல்தான்.

"நம்பலன்னா வந்து பின்சுவத்தைத் தொட்டுப் பாருங்கண்ணா" என்றேன்.

ரேடியோ நின்றது. பிறகு கட்டில் கிரீச்சிட்டது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா பிடிக்க ஓடினாள். வேண்டாம் என்று சைகை காட்டினேன். அண்ணன் படியிறங்கி, தடவித் தடவி சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"சுடுதுடி..."

கையை எடுக்கவில்லை. "அப்ப முன்பக்கம்?"

நான் பதில் சொல்வதற்குள் சுவரைப் பிடித்தபடியே நடக்க ஆரம்பித்துவிட்டார். மூலையில் வாளி காலில் தட்டி உருண்டது. கொடியில் காயப்போட்டிருந்த ஈரப் பாவாடை முகத்தில் அறைந்தது. நின்று அதை ஒதுக்கிவிட்டுச் சிரித்தார். ஊருக்கு வந்தபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

முன்சுவரில் இரண்டு கையையும் வைத்தார். பிறகு கன்னத்தையும் வைத்தார்.

"ஜில்லுன்னு இருக்குது" என்றார். "நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்னு எனக்கே தெரியுது மெர்சி. யாரும் சொல்லாமலே தெரியுது."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அண்ணன் இன்னொரு சுற்று வந்தார். தனியாக.

சாயங்காலம் கோயிலுக்கு வருகிறேன் என்று அவரே சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வாசலில் காய்ந்த தென்னை மட்டையைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். அனல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஜனங்கள் ஒதுங்கி நிற்க, கூடப் படித்த சேகர் மட்டும் "டேய் அருளு!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். விடவேயில்லை.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. அதற்கப்புறமும் திரும்பிப் படுத்துக் கிடந்த நாட்கள் நிறைய. ஆனால் அடுத்த வருஷம் சென்னைக்கு ட்ரெயினிங் போனார். பாண்டிச்சேரியில் ஓர் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகி, இரண்டு பெண்பிள்ளைகள்.

இப்போது சூரியன் எங்கே உதிக்கும், எங்கே மறையும் என்று மொபைலிலேயே கோடு போட்டுக் காட்டுகிறது. கிளாஸில் என் பிள்ளைகளும் அதைத்தான் நீட்டுகிறார்கள். ஜூன் இருபத்தொன்று என்றால் ஸ்கூல் கிரவுண்டில் யோகா. கோயில் வாசலில் டைல்ஸ் போட்டுவிட்டதால் நெருப்பு கிடையாது, சீரியல் லைட்தான்.

அண்ணன் முன்பெல்லாம் ஜூன் மாதத்தில் போன் பண்ணினால், "இன்னிக்குப் பொழுது நீளம்டி. பசங்க இன்னும் தெருவுல ஆடிக்கிட்டு இருக்கானுங்க, ஒரு வீட்லயும் கூப்பிட வரல" என்பார். இப்போது அவர் தெருவில் அந்தச் சத்தம் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் உள்ளே.

போன வாரம் சாயங்காலம் கூப்பிட்டார்.

"மெர்சி, அங்க இன்னும் வெளிச்சம் இருக்குதா?"

மாடியில் நின்றுகொண்டிருந்தேன். "இருக்குதுண்ணா."

"எப்படி இருக்குது, சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். மேற்கே கொஞ்சம் சிவப்பு... உப்புக் குவியலுக்கெல்லாம் தார்ப்பாய் மூடுகிறார்கள்... ஒரு பையன் சைக்கிளில் போகிறான்...

முழுசாக இருட்டுகிற வரைக்கும் அவர் போனை வைக்கவில்லை. நானும்தான்.