பால் டப்பா மூடியில் நின்ற யாளி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அலுவலகத் தோழிகள் மூவரும் ஏதோ கதை ஆட்டம் ஆடப்போகிறார்களாம். ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடத்தில் அதற்குள் நடமாட வேண்டும். அச்சடித்த காகித உருவங்களை வெட்டி வட்ட அட்டைமேல் நிறுத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. "அம்மா, மனுசனுக்கு ஒரு அங்குல வட்டம், பூதத்துக்கு ரெண்டு. மாத்திராத. வட்டம் எவ்வளவோ அவ்வளவு எடம் அதுக்குச் சொந்தம்" என்றாள். எனக்கா பாடம்? நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்பே இந்தச் சட்டத்தால் வயிறெரிந்தவள் நான்.

பசை வாசனை வேறு மூக்கில் ஏறிவிட்டது. வெண்ணந்தூரில் எங்களுக்குக் கடைப்பசை ஏது? பக்கத்துத் தெருவில் தறிக்குப் பாவு போடுகிறவர்களிடம் கொட்டாங்குச்சியில் நூலுக்குப் பூசும் கஞ்சி வாங்கி வருவோம். லேசாகப் புளித்த வாசம் அடிக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையில் அதைத் தடவி வெயிலில் போட்டால் விறைப்பாகக் காய்ந்துவிடும், வெட்டுகிற மிருகம் வளையாது. கஞ்சி ருசிக்கு எங்கள் ஆடு என்னுடைய இரண்டு புலிகளைத் தின்றுவிட்டது. தனம் செய்தவற்றை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஆட்டின்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

தனம் எதிர் வீட்டுப் பெண், என் வகுப்பு. அவள் அப்பா லாரி ஓட்டுநர், வடக்கே போய்விட்டு வரும்போதெல்லாம் வழவழப்பான படக் காலண்டர் கொண்டுவருவார், அவள் உருவங்கள் அதில்தான். அவள் கத்தரிக்கோல் பிடித்தால் மீசை மயிர்கூடத் தப்பாது. நான் வெட்டிய நரியைப் பார்த்து எங்கள் அம்மாவே, "பன்னிக்குட்டி நல்லாருக்குது கண்ணு" என்றார்.

ஆட்டத்தைக் கண்டுபிடித்தது என் அண்ணன், என்னைவிட மூன்று வயது பெரியவன். சிமென்டுத் தரையில் சாக்கட்டியால் கட்டம் போடுவான். ஒரு மூலையில் ஏரி, எதிர் மூலையில் போதமலை. வழியில் என்ன நடக்கிறதென்று அவன் கதை சொல்வான், தாயக்கட்டை உருட்டி நாங்கள் மலைக்கு நகர்வோம். உருவங்கள் நிற்பதற்கு மூடிகள், மூடிக்குள் ஈரக் களிமண். மனிதனுக்கும் நரிக்கும் கலர் பாட்டில் மூடி. புலிக்குத் தைல டப்பா மூடி. எல்லாவற்றிலும் பெரியது பால் மாவு டப்பா மூடி, எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூடி அடைத்த இடத்தில் வேறு எதுவும் நுழையக் கூடாது. இன்னொரு சட்டம்: சாய்ந்தால் செத்தது, செத்தது திரும்ப வராது.

அந்தப் பெரிய மூடிமேல் எனக்கு ஒரு கண். அதற்காகவே மூன்று சுற்றுச் சுருண்ட மலைப்பாம்பு ஒன்று செய்தேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சுருண்டு படுத்தா எதுக்குப் புள்ள பெரிய மூடி? நீட்டிப் படுக்கட்டும், அப்பப் பாக்கலாம்." நீட்டினால் ஆறு கட்டம், எந்த மூடியிலும் அடங்கவில்லை.

மறுநாள் தனம் யாளி கொண்டுவந்தாள். கோயில் தூணில் பார்த்ததை அப்படியே வெட்டியிருந்தாள், தும்பிக்கையும் பல்லுமாக. அண்ணன் உடனே பால் டப்பா மூடியை எடுத்து அவளிடம் நீட்டினான். "இதுக்கு இதுதான் செரி" என்றான். எனக்கு அவன் அப்படி எதையும் நீட்டியதில்லை. என் சொந்த அண்ணன்! மலைவாசலை யாளி அடைத்துக்கொண்டு நின்றது, என் நரி நான்கு நாள் நகர வழியில்லாமல் அதன் காலடியிலேயே நின்றது.

ஐந்தாம் நாள் தனமும் அண்ணனும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் யாளியைப் பிடுங்கித் தைல டப்பா மூடியில் குத்தினேன். பால் டப்பா மூடியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் வாசல் பக்கமிருந்து ஒரு காற்று. யாளி முகம் குப்புற விழுந்தது.

தனம் அதை எடுத்தாள். மூடியில் இருந்த களிமண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "செத்துருச்சுங்ணா. சட்டம்னா சட்டந்தானுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அண்ணனே கட்டிலுக்கடியிலிருந்து பெரிய மூடியை எடுத்து என்னிடம் கொடுத்தான். "இனி உனக்கு" என்றான், அவ்வளவுதான். நரியை அதில் நிறுத்திப் பார்த்தேன். களத்துமேட்டில் தொலைந்த பூனை மாதிரி இருந்தது. அந்த வருடமே தனத்தின் அப்பா ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரிக்கு மாறி, குடும்பத்தோடு திருச்செங்கோடு போய்விட்டார். ஆட்டமும் நின்றது. மூடி எங்கள் உப்பு ஜாடியை மூடி மூடியே துருப்பிடித்து உதிர்ந்தது. கட்டம் போட்ட தரையில் இப்போது டைல்ஸ்.

ஞாயிறு சாயங்காலம் நாமக்கல்லில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு, "அந்த மூடிய மாத்துனது நாந்தாண்ணா" என்றேன்.

அவன் சிரித்தான். "அது எனக்கு அன்னிக்கே தெரியுஞ் சாமி. களிமண்ணுல உன்ற வெரல் தடம் இருந்துச்சுன்னு தனம் அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொல்லிப்போட்டா. 'அவளத் திட்டாதீங்ணா, பெரிய மூடிய அவளுக்கே குடுத்துருங்க'ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனா. இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறந்தனா பாரு."

நியாயமாக நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என்னை விட்டுவிட்டு இவர்கள் இரண்டு பேர் இத்தனை வருடம் ஒரு ரகசியம் வைத்திருந்தார்களே என்றுதான் வயிறு எரிந்தது, அன்று போலவே.

"தனம் இப்ப எங்க இருக்கறா?" என்று கேட்டேன்.

"அது தெரியலீயே. திருச்செங்கோட்டுல இருந்தும் எங்கியோ போயிட்டாங்கன்னு கேள்வி."

அவனுக்கும் தெரியாது என்றதும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.