எங்கேயும் போகாத கப்பல்

விடுமுறைக்கு மலைக்குப் போகலாமா, கப்பலில் போகலாமா என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் அவர்கள் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்றுதான் கேட்பேன். பேச்சு முற்றினால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கப்பலுக்கு டிக்கெட் எடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டு விடுமுறை பள்ளிக்கூடத்துக் கணக்கில் வராது. கோடையில் மீன்கள் முட்டையிடுகிற காலத்தில் அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை. அப்போது லாஞ்சு என்கிற விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டுத் துறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். பெயிண்ட் அடிப்பார்கள், வலையைச் சரிபார்ப்பார்கள், இஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக லாஞ்சு டிரைவர். மற்ற மாதங்களில் எட்டு நாள், பத்து நாள் கடலில் இருப்பார், இரண்டு நாள் வீட்டில் தூங்குவார். நான் ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல முகம் பார்த்துக்கொள்வது தடைக்காலத்தில்தான். கல்மண்டபத்தில் எங்கள் தெருவே அந்த நாட்களில் வேன் பிடித்து எங்காவது போய்வரும்.

அப்படித்தான் ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கு மலை பிடிக்கும். மீன் நாற்றம் இல்லாத காற்று, கம்பளிக்குள் தூக்கம், திரும்பும்போது பையில் வர்க்கியும் தைலமும். அவருக்கு மலை ஆகாது. புயலில் சுக்கான் பிடிக்கிற ஆள், மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே பிளாஸ்டிக் கவர் கேட்பார். ரூமில் தூக்கம் வராது. "கட்டிலு ஆடாம கெடக்குதுமே, பேஜாரா கீது" என்பார். ஒரு வார்த்தை கூடிப்போனால் போதும், காதில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடையைத் தேடிக் கிளம்பிவிடுவார். பனிக்குள் அவர் முதுகு கரைந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊரில் என்றால் கடலுக்குப் போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரு சண்டையையும் முழுசாகப் போட்டு முடித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. கடலுக்குப் புறப்படுகிற ஆளை "எப்போ வருவே" என்று கேட்கக் கூடாது. கேட்டால் கடல் காதில் விழும், ஆளைத் திருப்பி அனுப்பாது என்பார்கள். லாஞ்சில் பெண்கள் ஏறவும் கூடாது. நான் சாமிக்கே பதில் சொல்லுகிற வாய்க்காரி. ஆனால் இந்த இரண்டில் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். அவர் படியிறங்கும்போது அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கேட்காத பழக்கம் மெல்ல மெல்ல எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. கடலில் என்ன சாப்பிட்டாய், காய்ச்சல் வந்ததா, பயந்தாயா, எதுவும் கேட்க மாட்டேன். அவரும் சொல்ல மாட்டார். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, கரையிலிருந்து ஒரு முழம் தாண்டிப் போகாமல் எனக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது.

சொகுசுக் கப்பலுக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தது எங்கள் மகள். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். நம்ம துறைமுகத்தில் ஏறி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் அதே இடத்தில் இறக்கிவிடுகிற கப்பல்.

"எங்கியும் போவாத கப்பலுக்கு டிக்கெட்டா? அத்த நா சும்மாவே காட்டுவனே" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"முப்பது வருஷமா காட்னியா நைனா?" என்று கேட்டுவிட்டாள் மகள்.

அந்த வருஷம் தடைக்காலம் முடிய பன்னிரண்டு நாள் இருந்தது.

மாலையில் கப்பல் நகர்ந்தது. நகர்ந்தது என்றே தெரியவில்லை, கரைதான் கழன்று போகிறது என்று நினைத்தேன். மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரேன்கள் சிறுத்தன. காசிமேட்டில் எங்கள் லாஞ்சுகள் பச்சையும் நீலமுமாக ஒரு கோடாகிவிட்டன. ராயபுரம் முழுக்க ஒரு உள்ளங்கைக்குள் வந்தது. வடக்கே எண்ணூர் சிம்னிகள், அதற்கு இந்தப் பக்கம் மணலிப் புகை. வருஷம் பூரா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுகிற புகை அது. அங்கிருந்து பார்க்க, யாரோ உள்ளங்கை விபூதியை ஊதிவிட்டது போல இருந்தது. பிறகு அதுவும் இல்லை. வெயில் இறங்கி, தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம் வந்து, நான் எதன் மேல் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. ஊரில் எனக்கு எப்போதும் காதுக்குள் லாரி ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா, ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாவி என்று மனசுக்குள் திட்டினேன். திட்டும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது.

பக்கத்தில் திரும்பினால் ஆளைக் காணோம். ரூமுக்குப் போய்விட்டிருந்தார்.

குறை சொல்ல வேண்டுமென்றால் கப்பலிலும் நிறையவே உண்டு. கடல் மேல் போகிறோம், கடலைத் தொட முடியாது. பதினொன்றாவது மாடி உயரத்தில் உப்பு வாசனைகூட மேலே வருவதில்லை. உட்கார்ந்த இடமெல்லாம் ஒலிபெருக்கி. சாப்பாட்டுக்கு வரிசை. நடுக்கடலில் தொட்டி கட்டி, அதில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மனிதர்கள் இறங்கி நிற்கிறார்கள். மலையில் என்றால் பிடிக்காத ஓட்டலை விட்டு வேறு ஓட்டலுக்குப் போகலாம். இங்கே போட்டதைத்தான் தின்ன வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டில் வெள்ளையாக ஒரு மீன் துண்டு வைத்தார்கள். முள் இல்லை, தோல் இல்லை, வாசனையும் இல்லை. அவர் பார்த்துவிட்டு, "இது மீனாமே? பஞ்சு மாரி கீது" என்று தட்டைத் தள்ளினார். அவர் மீனுக்குக் கோபப்படுகிறார் என்று நினைத்தேன். சோற்றையும் தொடவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

நடக்கும்போது சுவரோரக் கட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சுக்கான் கையில் இல்லாத வீம்பு, வேறென்ன என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் மேல்தளத்தில் வெகு நேரம் இருந்தேன். கோலா மீன்கள் கூட்டமாக எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து, தண்ணீரில் சொருகின. ஏலத்தில் கூடை கூடையாகப் பார்த்த மீன்தான். உயிரோடு பறந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்று குழந்தை மாதிரி ஓடிவந்தேன்.

அவர் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை இறுக மூடியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலைப்பாதையில் நான் பார்த்த அதே முகம். அதுவும் வெளியே கடல் தாம்பாளத் தண்ணீராக அசையாமல் கிடக்கிறது. "இன்னாயா, முப்பது வருஷ டிரைவருக்குக் கடலு ஒத்துக்கலையா? காசிமேட்டுல சொன்னா கை கொட்டிச் சிரிப்பாங்க" என்றேன்.

வேறு நாளாக இருந்தால் தெரு கிழிந்திருக்கும். "சொல்லாதமே" என்றார், அவ்வளவுதான். அவர் கோபத்துக்கு நான் பயந்ததே இல்லை. அவருக்குக் கோபம் வராததைப் பார்த்துத்தான் பயந்தேன்.

"எத்தினி நாளா இப்டி கீது?" என்று கேட்டேன்.

நான் கேட்கமாட்டேன் என்று நம்பியிருந்தார் போல. எழுந்தார், முகத்தைக் கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவை அறைந்து சாத்தப் பார்த்தார். அந்தக் கப்பல் கதவு அறையவும் விடாது, தானாக மெதுவாகத்தான் மூடும். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். போகட்டும், டீக்கடைக்குத்தானே என்று பழக்கதோஷத்தில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. இங்கே ஏது டீக்கடை? கடலில் இருந்துகொண்டு கடலுக்குப் போக முடியுமா?

பத்து நிமிஷம் கழித்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். வேர்த்துப்போய் நின்றார்.

"எல்லாக் கதவும் ஒரே மாரி கீதுமே. சுத்திச் சுத்தி இங்கியே வந்துட்டேன்."

கரையே தெரியாத தண்ணீரில் வலை போட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற மனிதர். கம்பளம் விரித்த நடையில் வழி தவறி நிற்கிறார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அப்புறம் சொன்னார். தடைக்கு முந்தின மாதம், விடியற்காலையில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தபோது கடல் அப்படியே தலைகீழாகச் சுற்றியதாம். கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தாராம். உடன் போகிற ஆள் ஓடிவந்து சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்தாராம். பக்கத்திலேயே ஒரு சரக்குக் கப்பல் ஊதிக்கொண்டே கடந்து போயிருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை அப்படி ஆயிற்றாம்.

"வூட்டாண்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினேன்."

"தடை முடிஞ்சதும் போவியா?"

தலையைக் குனிந்துகொண்டார். "போவாம இன்னா செய்வேன்? எனக்கு வேற இன்னா தெரியும்?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. லாஞ்சில் அவரோடு எட்டுப் பேர். எட்டுப் பேர் வீட்டையும் எனக்குத் தெரியும், எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரியும். அந்தப் பெண்களும் என்னைப் போலவே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்று, ஒன்றும் கேட்காமல் ஆளை அனுப்புகிறவர்கள். "நீ வுழுந்தா நா அழுதுட்டுப் போறேன்யா. அந்த எட்டு வூட்டுக்கு யாரு போயி நிக்கிறது?" என்று கத்தினேன். அவர் கத்தினார். நான் மறுபடி கத்தினேன். என்மேல் இருந்த கோபத்தையும் சேர்த்துத்தான் கத்தினேன். கேட்டிருந்தால் அந்த மாதமே தெரிந்திருக்குமே. ஒருவரும் எழுந்து போகவில்லை, போக இடமும் இல்லை. மதியச் சாப்பாடு போனது, டீ போனது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சண்டையைக் கடைசிவரை போட்டோம். முடிந்தபோது அவர் என் மடியில் தலை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

கப்பலின் நல்லது கெட்டதில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஊட்டியில் இது நடந்திருக்காது.

சாயங்காலம் மேல்தளத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். தூரத்தில் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றாது என்றார். அவர் அடிவானத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே பேச ஆரம்பித்தார். இங்கே முப்பது பாகம், அதாவது முப்பது ஆள் ஆழம் இருக்கும் என்றார். கீழே சேறு, அதில் வலை இழுத்தால் எறா வரும். மழைக்கு முந்தின ராத்திரிகளில் தண்ணீர் கை பட்ட இடமெல்லாம் பச்சையாக மினுங்கும். ஒரு தடவை திமிங்கலம் லாஞ்சோடு ஒரு மணி நேரம் கூடவே வந்தது. கிளம்பின மூன்றாம் நாள் எப்போதும் என் நினைப்பு வரும். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சூரியன் போய்விட்டது. கடல் சாம்பல் நிறமாகி, பிறகு நிறமே இல்லாமல் ஆகி, அவர் குரல் மட்டும் மிதந்தது. நாங்கள் எங்கேயோ வெகுதூரம் போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. உண்மையில் கப்பல் அப்போதே ஊருக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். எனக்கு இறங்கவே மனசில்லை.

சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். விடுமுறை என்று போன இடத்தில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்ததும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். காதுக்குள் கோளாறு என்றார் அவர். மருந்தில் சரியாகலாம், நாளாகலாம், அதுவரை சுக்கான் பக்கமே போகக் கூடாது. இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர், கடலில் உடன் போகிற அந்த ஆளையே வீட்டுக்கு வரச் சொல்லி, லாஞ்சு ஓட்டுகிற பொறுப்பை அவர் கையில் கொடுத்தார். எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் நீரோட்டம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றேன். அவர் குரலைக் கேட்கத் தாங்கவில்லை.

தடை முடிந்த அன்று விடிவதற்கு முன்னால் எழுந்துவிட்டார். குளித்தார், சட்டை போட்டார். பூஜை போட்டு லாஞ்சை அனுப்பிவிட்டு வர வேண்டும். கடலுக்குக் கொண்டுபோகிற துணிப்பை கையில் இல்லாமல் வாசலில் நின்றபோது ஆளே பாதியாகத் தெரிந்தார். காசிமேட்டுப் பக்கமிருந்து இஞ்சின்கள் உறுமத் தொடங்கிவிட்டன. நான் வழக்கம்போல அடுப்பின் பக்கம் திரும்பினேன். பிறகு திரும்பி வாசலுக்கு வந்தேன்.

"எப்போ வருவே?" என்று கேட்டேன்.

படியில் வைத்த கால் நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"எட்டு மணிக்கு வந்துருவேன். இட்லி ஊத்தி வையி" என்றார்.

ஏழே முக்காலுக்கெல்லாம் வந்துவிட்டார்.