விசேஷத்துக்கென்று எடுத்து வைத்த களிம்பு

1989, மே மாதம் 11, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். மேகம் என்று சொல்ல வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. கடற்காற்று அன்றைக்கு எழும்பவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மருந்துக்கடையில் அந்த டியூபை வாங்கினேன். வெள்ளை உடம்பு, ஆரஞ்சு நிற மூடி, என் நடுவிரல் நீளம். முப்பத்தெட்டு ரூபாய். என் மனைவி அதை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பையின் அடியில் வைத்தாள். வீடு திரும்பும் பேருந்தில் வெயில் விழாத பக்கமாகப் பார்த்து அவளை உட்கார வைத்தேன். பாடி நிறுத்தம் தாண்டி வண்டி திரும்பியதும் வெயில் அந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டது. அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்து இடம் மாற எங்கும் இடமில்லை. மற்றதெல்லாம் எப்படிப் போகப் போகிறது என்பதை அந்தப் பயணமே சொல்லிவிட்டதாக இப்போது தோன்றுகிறது.

அப்போது நாங்கள் மேனாம்பேட்டில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில் இருந்தோம். ஆவடித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. எண்களோடேயே பழகியதால் படிக்கட்டு, தூக்க மாத்திரை, மழைநாள் எல்லாவற்றையும் எண்ணும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த வருடம் மாசி மாதத்தில் அவளுடைய இரண்டு கன்னங்களிலும், மூக்குத் தண்டின் மேலும் சிவந்த தடிப்பு வந்தது. சூடு என்றார்கள், சேராத சோப்பு என்றார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், வேப்பிலை அரைத்துப் பூசினாள். விரல் மூட்டுகளும் வீங்கத் தொடங்கியபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் டாக்டர் ஒரு அம்மாள். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய் இது என்றார். தீராது, அடக்கி வைக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு. ஆனால் வெயில் பட்டால் அடங்கியது மறுபடி எழுந்து உட்காரும் என்றார்.

அந்த அம்மாள் பொறுமையாகத்தான் சொன்னார். காலையில் முகம் கழுவி, துடைக்காமல் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு இந்தக் களிம்பை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து, காது மடல் வரை பூச வேண்டும். பூசி அரைமணி கழித்துத்தான் வெளியே போகலாம். மத்தியானம் மறுபடி ஒரு தரம். முழுக்கைச் சட்டை, குடை. பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை வாசலுக்கே வரக் கூடாது. “இதை அழகுக்குப் பூசுற க்ரீம்னு நெனைச்சிடாதீங்கம்மா. சாப்பாடு மாதிரி இது. மேகமா இருந்தாலும் பூசணும். ஒரு மாசத்துக்கு ஒரு டியூப் தீரணும்” என்றார். என் மனைவி தலையாட்டினாள். அவள் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த டியூபை பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே, பாச்சா உருண்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் வீட்டில் நல்ல பொருள் எல்லாம் அங்கேதான் போகும். சீராக வந்த எவர்சில்வர் டம்ளர்களின் மேல் ஒட்டிய காகிதம் பத்து வருடமாக உரியவில்லை. நல்ல படுக்கை விரிப்பு பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. விருந்தாளி வந்தால் விரிக்கலாம் என்பாள், வந்தால் இவர்களுக்கு எதற்கு என்பாள். தினமும் கையாளுகிற பொருளுக்கு மதிப்புப் போய்விடும் என்று அவள் வளர்ந்த வீட்டில் பழக்கியிருந்தார்கள். அவள் அம்மா வீட்டில் மட்டும் அல்ல, அந்தத் தெரு முழுக்க எல்லா வீட்டு பீரோவிலும் அப்படித்தான் ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

களிம்பும் காத்திருந்தது. வைகாசியில் நசரத்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். மாலை ஏழு மணி. அவள் பீரோவைத் திறந்து டியூபை எடுத்து, நிலைக்கண்ணாடி முன் நின்று அழகாக, ஒரு இடம் விடாமல் பூசிக்கொண்டாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது.

“ராத்திரியில ஏது வெயில்?” என்று கேட்டேன்.

“நாலு பேர் பார்க்கிற எடம்ங்க. அந்தச் செவப்பு தெரியக் கூடாதில்ல.”

“தண்ணி லாரிக்கு வெயில்ல போறப்போதானே பூசணும்?”

“தண்ணி லாரிக்கெல்லாமா இதைப் பூசுவாங்க?” என்று சிரித்தாள். நான் அசட்டுத்தனமாகப் பேசிவிட்டதைப் போன்ற சிரிப்பு.

அந்த லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோறு வெந்தால் மஞ்சளாகும். லாரிக்கு நேரம் கிடையாது. பதினொன்றுக்கும் வரும், ஒன்றரைக்கும் வரும். எப்போது வந்தாலும் டாக்டர் அம்மாள் விலக்கிய ஆறு மணி நேரத்துக்குள்ளேதான் வரும். நான் தொழிற்சாலையில் இருப்பேன், மகள் பள்ளியில். ஒரு நாள் காய்ச்சலில் விடுப்பு எடுத்து வீட்டில் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் குடங்களின் வரிசை, நடுவில் என் மனைவி, முழுக்கைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக. முன்கட்டில் குடியிருந்த பெண் அவளுக்குப் பின்னால் நின்றாள்.

“இன்னாக்கா, ஒரு கையில கொடம், ஒரு கையில கொடை. வெயிலு இன்னா உன்ன மட்டும் தேடிகினா வருது?”

வரிசையே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான் எழுந்து போய்க் குடத்தைப் பிடுங்கினேன். “அண்ணாத்தே ஆபீசுக்கு மட்டம் போட்டுகினு தண்ணி புடிக்க வந்துகீறாரு” என்று லாரிக்காரன் குழாயை என் பக்கம் திருப்பினான். என் மனைவிக்கு அவமானமாகப் போய்விட்டது. அதன் பிறகு நான் வீட்டில் இருக்கும் நாட்களில் லாரிச் சத்தம் கேட்டால் என்னை எழுப்பாமலே போவாள். முன்கட்டுப் பெண்ணிடம் நோயைப் பற்றி ஒரு நாள் நானே சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. “எனுக்கு இன்னா சார் தெரியும்? அக்கா ஒரு வார்த்த சொல்லலியே. கொடத்த வெச்சிட்டு ஊட்டாண்ட நெயல்ல குந்திக்கட்டும், நான் ரொப்பி வெக்கிறேன்” என்றாள். வைத்தும் பார்த்தாள். ஆனால் ஆளுக்கு ஆறு குடம் என்பது கணக்கு. வரிசையில் நிற்காதவளுக்கு எதற்கு என்று மற்றவர்கள் தகராறு செய்தார்கள். இரண்டே வாரத்தில் என் மனைவி பழையபடி போய் நின்றுகொண்டாள்.

வருடத்துக்கு ஒரு முறை, மூடியைச் சுற்றிக் களிம்பு காய்ந்துபோனதும், புது டியூப் வாங்கி வருவேன். “இன்னும் இருக்குங்க, எதுக்கு வீண் செலவு” என்பாள். அவள் மாத்திரையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அது வாசனையில்லாத, யாரும் பார்க்காத பொருள். சிவப்பு வரும், தணியும், மறுபடி வரும். ஒவ்வொரு தரமும் தணிய எடுக்கும் நாட்கள் கூடின. 1996-ல் கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். டாக்டர் அம்மாளுக்கு அதற்குள் தலை நரைத்திருந்தது. “களிம்பு பூசுறீங்களா?” என்று கேட்டார்.

“வாங்கிக்கிட்டேதான் இருக்கோம் டாக்டர்” என்றாள் என் மனைவி. அது பொய்யில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு சீட்டைப் பார்த்தார். அவள் வெளியே போன பிறகு, வெயில் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் சில சமயம் இது உள்ளே இறங்கிவிடும் என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ஐப்பசியில் அடைமழை. தொடர்ந்து பதினெட்டு நாட்கள் சூரியன் தெரியவில்லை. பத்தொன்பதாம் நாள் வெயில் வந்தபோது அவள் இல்லை.

இப்போது வானகரத்தில் மகளோடு இருக்கிறேன். மகள் தினமும் காலையில் முகம் கழுவி, ஒற்றி எடுத்து, இரண்டு விரலில் இரண்டு கோடு களிம்பு பிதுக்கிப் பூசிக்கொள்கிறாள். மழை பெய்தாலும் பூசுகிறாள். அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறாள். எந்த நோயும் அவளுக்கு இல்லை. பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். சென்ற வாரம் குப்பைக் கூடையில் ஒரு டியூப் கிடந்தது. கடைசிச் சொட்டுக்காகக் கத்தரிக்கோலால் வெட்டி வழித்து எடுத்திருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் பழைய பீரோவைத் திறந்தேன். கடைசியாக வாங்கிய டியூப் அங்கேயே இருந்தது. ஆரஞ்சு மூடி வெளுத்துவிட்டது. அடிமடிப்பு ஒரு சுற்றுகூடச் சுருட்டப்படவில்லை. அழுத்தினால் சுண்ணாம்புக் கட்டிபோல் கெட்டியாக இருக்கிறது. முக்கால் பங்கு உள்ளேயே நிற்கிறது. பாச்சா உருண்டை வாசனை மட்டும் போகவில்லை. மாதம் ஒன்று என்றால் ஏழரை வருடத்துக்குத் தொண்ணூறு வாங்கியிருக்க வேண்டும். வாங்கியது ஏழு. முதலாவது முப்பத்தெட்டு ரூபாய், கடைசியானது நாற்பத்தாறு. ஏழும் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு இருநூற்று எண்பத்தெட்டு ரூபாய்.